கடைசியில் போட்ட பெயர்

வெப்சைட் பக்கத்தின் அடிவரை வந்தால்தான் ஃபுட்டர் என்கிற அடிப்பட்டை தெரிய வேண்டும், அதுவும் மேலே இருக்கும் பக்கம் மெல்ல விலகி, அடியில் ஒளிந்திருந்தது வெளியே வர வேண்டும் என்று இன்றைக்கும் யாராவது ஒரு வாடிக்கையாளர், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் கேட்பார். செய்து கொடுங்கள். அழகாகத்தான் இருக்கும். இப்போது அதற்கு நாலைந்து வரி எழுதினால் போதும் என்கிறீர்கள், சந்தோஷம். நாங்கள் அந்த நாளில் அதற்காகப் பட்ட பாட்டை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கொட்டாவி விடுவீர்கள். அந்த வித்தையால் ஒரு குடும்பமே எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்து சண்டை போட்டது. அன்றைக்கு எனக்கு ஒரு முடிவெடுக்கக் கிடைத்த நேரம், ஒருவர் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கிற நேரம்தான். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. மதுரை சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே வெல்லமும் புளியும் மூட்டை மூட்டையாக இறங்கும், மேலே நாங்கள் வெப்சைட் செய்துகொண்டிருப்போம். வெயில் ஏற ஏறப் புளி வாசம் படியேறி எங்கள் கீபோர்டு வரைக்கும் வரும். நான் சமயநல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போவேன். டிசைன் என் பொறுப்பு. புரோகிராம் எழுதுவது சிக்கந்தர். என்னைவிடக் கொஞ்சம் சின்னவர், என்னை அக்கா என்பார். வேலையில் இறங்கிவிட்டால் பக்கத்தில் வைத்த டீ ஆறி ஆடை கட்டினாலும் அவருக்குத் தெரியாது. இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. கம்பெனியின் சொந்தக்காரரை எம்.டி. என்று கூப்பிடுவோம். இம்புட்டுச் சின்ன ஆபீஸுக்கு எம்.டி.யா என்று சிரிக்காதீர்கள், அவருக்கு அது பிடித்திருந்தது. பாதி நாள் சென்னையில் இருப்பார்.

அந்தக் காலத்தில் மதுரையில் வெப்சைட் கேட்டு வந்தவர்களில் பலருக்கு அது எதற்கென்று தெரியாது. விசிட்டிங் கார்டில் அச்சடிக்க ஒரு வரி கூடக் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் விளக்குத்தூண் பக்கத்திலிருந்து வந்த அந்தச் சேலைக் கடைக்காரர்களுக்கு எதற்கென்று தெரிந்திருந்தது. சௌராஷ்டிரக் குடும்பம். நம்மிடம் பேசும்போது நம்மைப் போலவே மதுரைத் தமிழ், தங்களுக்குள் பேசும்போது அவர்கள் வீட்டு மொழி. சுங்குடிச் சேலையும் மெல்லிய வாயில் துணிச் சேலையும் வெளியூர்களுக்கு மொத்தமாக அனுப்புகிறவர்கள். அண்ணன் தம்பி மூன்று பேர் பங்குதாரர்கள். மூத்தவரைக் கடையில் பெரியவர் என்பார்கள், கடைசித் தம்பியைச் சின்னவர் என்பார்கள். நடுவில் இருந்தவர் முந்தின வருஷம் மாரடைப்பில் இறந்துபோனார். அவர் பங்கு அவருடைய மனைவி மஞ்சுளாவுக்கு வந்தது. அந்த அம்மா வீட்டில் உட்காரவில்லை. கணவர் உட்கார்ந்த மேஜையில் வந்து உட்கார்ந்தார்.

அந்த வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் வியாபாரிக்குப் பழக்கம் கடையோடு இல்லை, ஆளோடு. ஹூப்ளிக்காரர் பெரியவரின் பார்ட்டி, பாலக்காட்டுக்காரர் நடு அண்ணனின் பார்ட்டி என்று பிரித்தே பேசுவார்கள். பார்ட்டி என்றால் வாடிக்கையாகச் சரக்கு எடுக்கிறவர். அவர் போன் செய்தால் தன் ஆளிடம்தான் பேசுவார். வேறு யாராவது எடுத்தால், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவார். அதனால்தான் அவர்கள் வெப்சைட்டில் மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பங்குதாரர் பெயர், அவர் பார்க்கும் ஊர்கள், அவருடைய செல் நம்பர், இது மூன்றும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வரிசை.

மூன்று பேரும் ஒன்றாக வந்து உட்கார்ந்துதான் வரிசையைச் சொன்னார்கள். சொன்னது பெரியவர்.

"மொதல்ல என் பேரு. ரெண்டாவது தம்பி பேரு. மூனாவது மஞ்சுளா."

"அப்படித்தானேக்கா?" என்று நான் மஞ்சுளாவைப் பார்த்துக் கேட்டேன். இறந்தவர் இரண்டாமவர் ஆயிற்றே என்று என் மனதில் ஓடியது.

"அப்படித்தான். போடுங்க" என்றார்.

சின்னவருக்கு வரிசையில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் வெப்சைட்டில் பார்த்தேன் என்று, பக்கம் விலகி அடியிலிருந்து ஃபுட்டர் வெளிப்படும் அந்த வித்தையைக் கையால் செய்து காட்டினார். "இந்த மாதிரி நம்ம ஊர்ல எவனும் வச்சிருக்கக் கூடாது" என்றார். சிக்கந்தரின் முகம் மலர்ந்தது. அவருக்கு அப்படிப்பட்ட வேலை கொடுத்தால் சம்பளம்கூட வேண்டாம்.

அண்ணனும் தம்பியும் படி இறங்கிய பிறகு மஞ்சுளா செருப்பு மாட்டுகிற சாக்கில் வாசலில் நின்றார். நான் வழியனுப்பப் போனவள் அவர் அருகே நின்றுவிட்டேன்.

"கலா, அந்த நம்பரு அவரோடது. நாந்தான் வச்சிருக்கேன். பார்ட்டிங்க கூப்புடுறாங்க, நான் ஹலோன்னு சொன்னதும் ஒரு துக்க விசாரிப்பு விசாரிச்சிட்டு வச்சிர்றாங்க. அப்புறம் பெரியவருக்குக் கூப்பிட்டுச் சரக்குச் சொல்றாங்க. நான் கடையில உக்காந்திருக்கேன்னே ஒருத்தருக்கும் தெரியாதும்மா. பேரும் நம்பரும் ஒன்னா இருந்தாத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"பார்ட்டி அம்புட்டும் போயிருச்சுன்னா நான் வெறும் பங்க வச்சுக்கிட்டு என்ன பண்றது? பங்குக்குப் பணத்த வாங்கிட்டு வீட்டுக்குப் போன்னு சொல்லத்தான் காத்துக்கிட்டிருக்காங்க."

"ஆனா கடைசியில இருக்கேக்கா."

"பேசிப் பேசி வாங்குன எடம் கலா. கடைசின்னா என்ன? எடம்தானே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எனக்கு அந்த அம்மாவை அன்றைக்கே பிடித்துப்போனது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் செய்ததை நீங்கள் எடைபோட அது தெரிய வேண்டும்.

வேலை முடிந்தது. சிக்கந்தர் அந்த வித்தையைப் பிரமாதமாகச் செய்திருந்தார். வெள்ளைப் பக்கம் மேலே போகப் போக, அடியில் அரக்கு நிறத்தில் ஃபுட்டர் அசையாமல் நின்று வெளிப்படும். எங்களிடம் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்று புதிது, ஒன்று சோதனைக்காகவே வைத்திருந்த பழையது. அதிலிருந்த பழைய ப்ரவுசருக்கு இந்த வித்தை தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. ஃபுட்டரைச் சாதாரணமாகப் பக்கத்தின் வாலில் ஒட்டிவைத்துக் காட்டும். இரண்டிலும் பார்த்தோம். இரண்டிலும் மூன்று பெயரும் இருந்தன, மூன்று நம்பரும் சரியாக இருந்தன. நல்ல நாள் பார்த்து இணையத்தில் ஏற்றினோம். பெரியவரின் கடைக்கே போய், அவருடைய கம்ப்யூட்டரில் நான் திறந்து காட்டினேன். அவர் அடிவரை உருட்டிப் பார்த்தார், தன் பெயரைப் பார்த்தார், மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார், எனக்கு ஒரு சேலை கொடுத்தார். தீபாவளிக்கு வியாபாரிகள் சரக்குச் சொல்கிற சமயம். எல்லாம் நல்லபடியாகத்தான் தொடங்கியது.

மறுநாள் காலையில் நான் ஹேண்ட்பேக்கைக்கூடக் கீழே வைக்கவில்லை, சின்னவர் படியேறி வந்தார்.

"யாரு சொல்லி அண்ணி பேர மொதல்ல போட்டீங்க?"

"கடைசியிலதான் சார் இருக்கு. நேத்து ஐயாகிட்ட காட்டிட்டுத்தான் வந்தேன்."

"நேத்து சாயந்தரம் என் லேப்டாப்புல பாக்குறேன். அடிக்கு வந்தா அண்ணி பேருதான் மொதல்ல எந்திரிச்சு வருது. பெரிய எழுத்துல. எங்க அண்ணன் பேரு எங்கயோ கடைசியில வருது. என்ன நடக்குது இங்க?"

அவர் பின்னாலேயே மூச்சு வாங்க வந்தார் பெரியவர். அவருக்கும் கோபம், ஆனால் எங்கள் மேல் இல்லை.

"இவன் சொல்றத நம்பாதீங்கம்மா. காலையிலகூடப் பாத்துட்டுத்தான் வாரேன். என் பேருதான் மொதல்ல இருக்கு. பேசி முடிச்சத ஒடைக்கணும்னு நிக்கிறான்."

"அப்ப நான் பொய் சொல்றேனாண்ணே?"

"பின்ன நான் சொல்றேனா?"

அதற்குப் பிறகு இருவரும் தங்கள் மொழிக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நடுநடுவே மஞ்சுளாவின் பெயர் மட்டும் காதில் விழுந்தது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உரத்து விழுந்தது. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது பின்னால்தான் தெளிவானது. உடன்பாட்டைக் கெடுக்கத் தம்பி கதை கட்டுகிறான் என்று அண்ணன் நினைத்தார். தனக்கு ஒன்று காட்டிவிட்டு ஊருக்கு வேறொன்று காட்ட அண்ணனும் அண்ணியும் சேர்ந்துகொண்டார்கள் என்று தம்பி நினைத்தார். இருவரும் சேர்ந்து நினைத்தது, மஞ்சுளா எங்களைக் கைக்குள் போட்டுக்கொண்டார் என்பது.

சிக்கந்தருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பாவம், நல்ல எண்ணத்தோடுதான் எழுந்தார்.

"சார், சண்ட வேணாம். இது ப்ரவுசர் பிரச்சினை. உங்களுக்கு ஒரு மாதிரி காட்டும், அவுங்களுக்கு ஒரு மாதிரி காட்டும்."

சின்னவர் கையைத் தட்டினார். "கேட்டீங்களாண்ணே? இவுகளே ஒத்துக்கிட்டாக. ஆளுக்கு ஒன்னு காட்டுதாம்!"

சிக்கந்தர் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது முழு உண்மை. ஆனால் சந்தேகத்தோடு நிற்கிறவன் காதில் அது மோசடிக்கு வாக்குமூலம் மாதிரி விழுந்தது. நீங்களும் ஒருநாள் இப்படி மாட்டுவீர்கள். கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும், எதிரே நிற்பவர் எதற்குப் பயப்படுகிறார் என்று தெரியாது. வாயைத் திறக்கும் முன் இரண்டாவதைத் தெரிந்துகொள்ளப் பாருங்கள்.

நான் உள்ளே போய் எம்.டி.க்குப் போன் போட்டேன். சென்னையில் ஏதோ மீட்டிங்கில் இருந்தார். குரலைத் தாழ்த்தி, "அவுங்க என்ன கேட்டாலும் செஞ்சு குடுத்துரு கலா. தீவாளி நேரத்துல அந்தப் பார்ட்டிய விட முடியாது. விளக்குத்தூண்ல பாதிப் பேரு அவுக சொந்தக்காரங்க" என்று வைத்துவிட்டார். நான் வெளியே வந்தபோது மஞ்சுளா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கடையில் யாரோ சொல்லி, ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. என் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பேச்சால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. இரண்டு கம்ப்யூட்டரையும் போட்டேன். புதியதின் முன்னால் பெரியவரை உட்காரவைத்தேன், பழையதின் முன்னால் சின்னவரை. பெரியவர் கடையில் இருந்தது பழைய கம்ப்யூட்டர், சின்னவரின் லேப்டாப் புதிது, அதனால் வேண்டுமென்றேதான் மாற்றி உட்காரவைத்தேன். தன் கம்ப்யூட்டரில் தெரிவதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் யாருக்கும் புத்தி வராது.

"நான் தொட மாட்டேன். நீங்களே உருட்டுங்க."

பெரியவர் ஒரு விரலால் மவுஸ் சக்கரத்தை உருட்டினார். பக்கம் மேலே ஏறியது. அடியில் அரக்கு நிறம் தெரிந்தது, மஞ்சுளாவின் பெயரும் நம்பரும் தெரிந்தன. அவர் கை நின்றுவிட்டது. இன்னும் உருட்டினால் தம்பி பெயர். அதற்கும் பிறகுதான் அவர் பெயர்.

"அட, ஆமா" என்றார், தம்பியைப் பார்க்காமல்.

அந்தப் பக்கம் சின்னவர் பழைய கம்ப்யூட்டரில் மேலும் கீழுமாக உருட்டிக்கொண்டே இருந்தார். அதில் அண்ணன் பெயர்தான் முதலில் வந்தது. எத்தனை தடவை உருட்டினாலும் அப்படியேதான் வந்தது.

"ஐயா, காலையில நீங்க கட ஷட்டரத் தூக்குறப்ப உள்ள மொதல்ல என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

"தரை தெரியும்."

"மேல சாமி படம் மாட்டியிருக்கீங்களே, அது?"

"அது முழுசாத் தூக்குனாத்தான் தெரியும்."

"இதுவும் அம்புட்டுத்தான். பக்கம் ஷட்டர் மாதிரி மேல போகுது. அடியில இருக்கிறது மொதல்ல தெரியுது. பழைய கம்ப்யூட்டருக்கு இந்த ஷட்டர் வித்தை தெரியாது, மேல இருந்து கீழ காட்டுது. நாங்க போட்ட வரிச ஒன்னுதான். யாரும் யாரையும் ஏமாத்தல."

பெரியவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தார். "அப்ப தரை மொதல்ல, சாமி கடைசில" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். சிக்கந்தர் ஓடிப்போய் டம்ளரில் மோந்துகொண்டு வந்தார். எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

சின்னவர் முடிக்கவில்லை. தான் ஆசைப்பட்டுக் கேட்ட வித்தையே தன்னை முட்டாளாக்கியது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

"சரி, கோளாறு தெரிஞ்சுபோச்சு. ஒன்னு பண்ணுங்க. இப்போதைக்கு அந்த மூனாவது பேர எடுத்துருங்க. சீசன் முடியட்டும். அப்புறம் பேசிச் சேத்துக்கலாம்."

பெரியவர் டம்ளரை வாயில் வைத்திருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பிழை ஒன்று வெளியே வந்தால் அதைச் சரிசெய்யச் சொல்வார்கள், அது நியாயம். ஆனால் அந்தப் பிழையைச் சாக்காக வைத்து, வேறு ஏதோ ஒரு பழைய ஆசையையும் உங்கள் கையால் முடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் என்று இல்லை. கதவு திறந்திருந்தால் யாருக்கும் உள்ளே நுழையத் தோன்றும். 'இப்போதைக்கு எடுத்துவிடு' என்று சொல்லி எடுத்த எதுவும் என் சர்வீஸில் திரும்பி வந்ததில்லை. பக்கம் ஆனாலும் பெயர் ஆனாலும் அப்படித்தான். சீசன் முடியும்போது பாலக்காட்டுக்காரர் பெரியவரிடம் பேசிப் பழகியிருப்பார், மஞ்சுளா மேஜையில் போன் அடிக்காது, அதற்கப்புறம் சேர்ப்பதற்கு என்ன இருக்கிறது?

எம்.டி. சொன்னது காதில் இருந்தது. எனக்கு வேலை தேவைப்பட்டது, அதையும் மறைக்கவில்லை. மஞ்சுளா நாற்காலியைப் பிடித்தபடியே நின்றார். அவருக்காக இரக்கப்பட்டு முடிவெடுத்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் அந்த நொடியில் எனக்குக் கை கொடுத்தது இரக்கம் இல்லை. வேலையைப் பற்றிய ஒரு சின்னக் கேள்விதான். இதில் உடைந்திருப்பது எது? பெயரா, பெயர் வெளியே வரும் விதமா? கேள்வி சரியாக அமைந்துவிட்டால் பதிலைச் சொல்லத் தைரியம் தானாக வந்துவிடுகிறது.

"சார், கோளாறு பேருல இல்ல. பேரு வெளிய வர்ற விதத்துல இருக்கு. அந்த வித்தைய இன்னைக்கே எடுத்துர்றோம். எல்லாக் கம்ப்யூட்டர்லயும் ஐயா பேருதான் மொதல்ல வரும். பேர எடுக்கிறது அது வேற வேல. அன்னைக்கு மூனு பேரும் ஒன்னா உக்காந்து சொன்னீங்க, போட்டேன். மூனு பேரும் ஒன்னாச் சொல்லுங்க, எடுக்கிறேன். ரெண்டு பேரு சொன்னா எடுக்க மாட்டேன்."

"ஏம்மா, கட எங்களுதா, ஒங்களுதா?"

"உங்களுதுதான் சார். உங்க மூனு பேரோடதும்."

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

அவர் மஞ்சுளாவின் பக்கம் திரும்பி, அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். அதட்டலாக இல்லை, தணிந்த குரலில், கொஞ்ச நேரம் நீளமாகவே பேசினார். வீட்டுக்குள் பேச வேண்டியதை வெளியாட்கள் முன்னால் வீட்டு மொழியில் பேசுவது, நடுவே ஒரு கதவைச் சாத்திக்கொள்வது மாதிரி. நாங்கள் இருவரும் மரியாதைக்கு வேறு எங்கோ பார்த்தோம். மஞ்சுளா தங்கள் மொழியில் இரண்டு வார்த்தை சொல்லித் தலையாட்டிவிட்டால் பெயர் போய்விடும், அதை நாங்கள் தடுக்கவும் முடியாது. நானே அல்லவா மூன்று பேரும் சேர்ந்து சொல்லுங்கள் என்றேன்?

மஞ்சுளா தமிழில் பதில் சொன்னார்.

"கடைசியில போடுங்கன்னு சொன்னீங்க. சரின்னேன். அந்த எடமும் இல்லன்னா இல்லன்னு, இவங்களுக்கும் புரியுற மாதிரி, இங்கயே சொல்லிட்டு எடுக்கச் சொல்லுங்க. வீட்டுல வந்து கேக்காதீங்க. வீட்டுல கேட்டா நான் சரின்னு சொல்லிருவேன்."

பெரியவர் சிக்கந்தரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டு மொழியில் எளிதாகக் கேட்டதைத் தமிழில், எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவரால் கேட்க முடியவில்லை. சின்னவர் தங்கள் மொழியில் ஏதோ தொடங்கினார். பெரியவர் ஒரே சொல்லில் அவரை நிறுத்தினார். பிறகு தமிழில், என்னிடம் சொன்னார்.

"பேரு இருக்கட்டும்மா. அந்த வித்தைய மட்டும் எடுத்துருங்க."

சொல்லிவிட்டுத் தம்பியின் தோளில் கை வைத்து அழைத்துக்கொண்டு இறங்கினார். கீழே மூட்டை இறக்குகிறவர்கள் வழி விடச் சொல்லிக் கத்தியது கேட்டது.

எம்.டி. என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். திட்டினார். சாயந்தரம் போனில் ஒரு தடவை, சென்னையிலிருந்து வந்ததும் ஒரு தடவை. "சொன்னா சொன்னத மட்டும் செய்யணும் கலா" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஒரு குடும்பத்தின் பங்குப் பிரச்சினைக்கு நடுவே அவருடைய கம்பெனியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன், அது தவறாகவும் போயிருக்கலாம். அந்தக் குடும்பம் எங்களை விட்டுப் போயிருந்தால் இந்தக் கதையை இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து எழுதியிருப்பேனா, தெரியவில்லை. அவர்கள் போகவில்லை. ஆனால் அதை வைத்து நான் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். உடைந்ததை மட்டும் தொட்டேன், உடையாததைத் தொட மறுத்தேன், அதனால்தான் சரி என்கிறேன். நீங்கள் எழுதும் வரிகளில் எது முதலில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பார்க்கிறவர் கண்ணுக்கு எது முதலில் போகிறது என்று உட்கார்ந்து பாருங்கள். அங்கே ஒரு மனுஷரின் இடம் இருக்கலாம். எங்களுக்கு அது சண்டை வந்த பிறகுதான் தெரிந்தது.

அண்ணனும் தம்பியும் போன பிறகு மஞ்சுளா போகவில்லை. அதுவரை பிடித்துக்கொண்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன், துடைக்கவில்லை. அழுகிற கட்டத்தைத் தாண்டி எத்தனையோ நாள் ஆகியிருக்க வேண்டும்.

"தம்பி, அத எடுக்குறதுக்கு முன்னால நானும் ஒரு தடவ பாக்கட்டுமா?" என்று சிக்கந்தரிடம் கேட்டார். "நான் இன்னும் பாக்கவே இல்ல."

அதுவரை எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. பெரியவர் பார்த்தார், சின்னவர் பார்த்தார். அவருக்கு யாரும் காட்டவில்லை.

சிக்கந்தர் புதிய கம்ப்யூட்டரில் பக்கத்தை மறுபடி மேலே கொண்டுவந்து, எழுந்து தன் நாற்காலியையே அவருக்குக் கொடுத்தார். மஞ்சுளா மெல்ல உருட்டினார். சேலைப் படங்கள் ஏறிப் போயின. கடையின் படம் ஏறிப் போனது. பக்கம் விலகி, அடியில் அரக்கு நிறம் வந்தது. அதில் அவர் பெயர் வந்தது, பெயரின் கீழ் பாலக்காடு முதலான ஊர்கள், பக்கத்தில் கணவரின் நம்பர். இன்னொரு தடவை சக்கரத்தைத் தள்ளினால் சின்னவர் பெயர் வந்துவிடும். அவர் தள்ளவில்லை. விரலைச் சக்கரத்தின் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் அந்தப் பெயர் மட்டும் இருந்தது.

சிக்கந்தர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"நல்லாச் செஞ்சிருக்கீங்க தம்பி" என்று எழுந்தார். "எடுத்துருங்க. நான் கடைக்குப் போறேன், போன் அடிக்கும்."

அவர் படி இறங்கிய பிறகு சிக்கந்தர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அழிக்க வேண்டிய வரி எது என்று அவருக்குத் தெரியும், ஒரு நிமிஷ வேலை. கீபோர்டில் கை வைத்தார், எடுத்தார்.

"இன்னைக்கேன்னுதானே சொன்னீங்கக்கா. சாப்பிட்டு வந்து எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

மணி அப்போது பதினொன்றுகூட ஆகவில்லை. சாப்பிட்டு வந்து எடுக்கலாம் என்றேன்.